பிஷப்பின் கூட வந்தவர்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஆங்கிலிக்கன் குருமாரைத் தேடுகிறவருக்கு ஊர்ப் பெயர் உதவாது. விழுப்புரம் மாவட்டம் பிறந்ததே 1993இல்தான். அதற்கு முந்தைய காலத்துக்குத் தென் ஆர்க்காடு ஏடுகளைத்தான் புரட்ட வேண்டும். திண்டிவனத்தில் வேரூன்றிய அமெரிக்க ஆர்க்காடு மிஷனோ ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்ததல்ல. எனவே ஊரை விட்டுவிட்டுச் சாலையைப் பிடித்தேன்.

1826 மார்ச்சில் கல்கத்தா பிஷப் ரெஜினால்டு ஹீபர் சென்னையிலிருந்து தெற்கே புறப்பட்டார். மாமல்லபுரத்தைப் பார்த்துவிட்டுக் கடலூர் சேர்ந்தார். மரக்காணம் வழியாகக் கடலோரமே போனாலும், திண்டிவனம் வழியாக உள்ளே திரும்பினாலும், இன்றைய விழுப்புரம் மாவட்ட மண்ணை மிதிக்காமல் இந்தப் பயணம் நடந்திருக்காது. ஏப்ரல் 3 அன்று திருச்சியில், குளிக்கப் போன இடத்தில் ஹீபர் இறந்தார். அவர் பெயரில் அங்கே கல்லூரியே இருக்கிறது. கூட வந்த சாப்ளினை யாரும் பேசுவதில்லை.

அவர் பெயர் தாமஸ் ராபின்சன். ஹீபரின் கடைசி நாட்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1829இல் சென்னையில் வெளிவந்தது. நூலகப் பட்டியல்களில் இதே பெயரில் இன்னொரு குருவும் வருகிறார்: லெஸ்டர் நகரத்து விகார். அவர் 1813இலேயே காலமானவர், நம்மவரின் தகப்பனார். மகன் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் படித்துக் குருப்பட்டம் பெற்று இந்தியா வந்தார். சிரூரிலும் புனேயிலும் பணியாற்றியபடி பழைய ஏற்பாட்டைப் பாரசீகத்தில் பெயர்த்தார். 1828இல் சென்னை ஆர்ச்டீக்கன் ஆனார். அப்போது சென்னைக்குத் தனி பிஷப் கிடையாது. கல்கத்தா பிஷப்பின் சார்பில் தெற்கத்திச் சபைகளைக் கவனிக்கும் பொறுப்பு ஆர்ச்டீக்கனுடையது. சென்னை மறைமாவட்டம் உருவாகி, செயின்ட் ஜார்ஜ் ஆலயம் கதீட்ரல் ஆனது 1835இல்.

அதன்பின் சென்னை ஏடுகளில் அவர் மறைந்துவிடுகிறார். 1837இல் கேம்பிரிட்ஜில் ஒரு தாமஸ் ராபின்சன் அரபுப் பேராசிரியராகிறார். இருவரும் ஒருவர்தானா? முடிச்சை அவிழ்ப்பது அந்தப் பாரசீக வேதாகமம். புனேயில் தொடங்கிய மொழிபெயர்ப்பின் பிற்பகுதிகள் 1837, 1838இல் அதே பெயரில் அச்சாகின்றன. பிறகு பாதை நேரானது: 1845இல் லண்டன் டெம்பிள் ஆலயத்தின் தலைமைக் குரு, 1854இல் ராசெஸ்டர் கதீட்ரலின் கெனான். 1873 மே 13 அன்று அந்தக் கதீட்ரல் வளாகத்திலேயே இறந்தார்.

ஹீபரின் மரணத்தைப் பற்றி இன்று யார் எழுதினாலும் ராபின்சனின் சாட்சியத்தைத் தவிர்க்க முடியாது. விழுப்புரம் வரலாற்றை எழுதுகிறவர்கள் மாவட்டத்தின் பெயரோடு நின்றுவிடாமல், இந்த வழியே கடந்து போனவர்கள் எழுதிவைத்த நூல்களையும் புரட்ட வேண்டும். அந்த வரிசையில் 1829இன் இந்த நூலுக்கு முதலிடம் தரலாம்.