மாணவர் விசாவில் வேலை: நூறாண்டு வரலாறும் தருமபுரி மாணவர்களும்

மாணவர் விசா என்பது, தன் நாட்டுக் கல்வி நிறுவனத்தில் படிக்க வரும் வெளிநாட்டவருக்கு ஓர் அரசு வழங்கும் தற்காலிக நுழைவிசைவு ஆகும். அந்த விசாவில் இருக்கும்போது எங்கே, எத்தனை மணி நேரம், எந்த வகை வேலை செய்யலாம் என்பதை ஒவ்வொரு நாடும் தனித்தனியே வரையறுக்கிறது. இந்த அனுமதி எந்த நாட்டிலும் நிலையாக இருந்ததில்லை. உள்ளூரில் வேலைக்கு ஆள் குறைந்தபோது விரிந்தது, வேலையில்லாத் திண்டாட்டம் வந்தபோது சுருங்கியது. கல்விக்கடன் வாங்கி வெளிநாடு செல்லும் மாணவர் முதலில் அறிய வேண்டியது இந்த வரலாற்றைத்தான்.

தருமபுரிப் பின்னணி

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2004-இல் இதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தின் எழுத்தறிவு விகிதம் 68.5 விழுக்காடு. தமிழ்நாட்டு மாவட்டங்களில் அதுவே மிகக் குறைவு. மானாவாரி நிலங்கள் மிகுந்த இப்பகுதியிலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வேலை தேடிச் செல்வது பழகிப்போன ஒன்று. அதற்கும் முன்பு, இப்பகுதியை உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தொழிலாளர்கள் சென்றனர்.

ஆகவே பிழைப்புக்காக ஊர் விட்டுச் செல்வது இங்கே புதிதல்ல. படிப்புக்காகக் கடல் கடந்து, அங்கேயே வேலையும் பார்த்துக் கடனை அடைப்பது என்னும் எண்ணம்தான் புதிது. இந்திய வங்கிகள் சங்கம் 2001-இல் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தை வகுத்தபின், முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கும் இந்த வழி திறந்தது. அத்திட்டத்தின்படி 4 லட்சம் ரூபாய் வரை பிணை தேவையில்லை. 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வீடோ நிலமோ ஈடாக வைக்க வேண்டும். வெளிநாட்டுப் படிப்புக்கு ஆகும் செலவு பெரும்பாலும் இந்த எல்லையைத் தாண்டிவிடும். பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ உள்ள ஒரு குடும்பத்துக்கு இதன் பொருள், பட்டா வங்கியில் இருக்கும் என்பதே.

அமெரிக்கா: தட்டுக் கழுவிய காலம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்ற இந்திய மாணவர்கள் வேலை செய்தே படித்தனர். உதவித்தொகை பெற்றோர் சிலரே. 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்ற அம்பேத்கருக்குப் பரோடா அரசரின் உதவி இருந்தது. 1922-இல் கலிபோர்னியா சென்ற ஜெயப்பிரகாஷ் நாராயணுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அவர் பழத்தோட்டங்களில் வேலை செய்தார், உணவகத்தில் தட்டுக் கழுவினார். பெர்க்லியில் கல்விக் கட்டணம் உயர்ந்ததால் செலவு குறைந்த அயோவா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 1929-இல்தான் நாடு திரும்பினார்.

1924-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் ஆசியர்கள் குடியேறுவதை அநேகமாக அடைத்துவிட்டாலும், மாணவர்களுக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்தது. படிப்பதற்காக மட்டுமே வர வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பெருமந்தக் காலத்தில் அமெரிக்கர்களுக்கே வேலை இல்லாதபோது, வெளிநாட்டு மாணவர்கள் தம் செலவுக்காக வேலை செய்வதைத் தடுக்க 1932-இல் தொழிலாளர் துறை முற்பட்டது. போர் முடிந்தபின் நிலைமை மாறியது. படிப்போடு தொடர்புடைய செயல்முறைப் பயிற்சியை 1947-ஆம் ஆண்டு விதிகள் அனுமதித்தன. இன்று வழங்கும் எஃப்-1 என்னும் வகை 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவானது.

1990-ஆம் ஆண்டுச் சட்டம், வளாகத்துக்கு வெளியேயும் வேலை செய்ய மாணவர்களைச் சோதனை முறையில் அனுமதித்தது. அந்தச் சோதனை 1996-இல் முடிந்தது, நீட்டிக்கப்படவில்லை. இடையில் 1992-இல் வந்த 'ஓபிடி' என்னும் விருப்பச் செயல்முறைப் பயிற்சி மட்டும் நிலைத்தது. படித்த துறையில் 12 மாதம் வேலை பார்க்க அது வழி செய்கிறது. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தோருக்கு 2008-இல் 17 மாத நீட்டிப்பு கிடைத்தது. 2016-இல் அது 24 மாதமாக உயர்ந்தது. தமிழ்நாட்டுப் பொறியியல் பட்டதாரிகள் அமெரிக்காவை நாடுவதற்கு இந்த 36 மாதம் ஒரு பெரிய காரணம். 2023–24 கல்வியாண்டில் அமெரிக்காவில் பதிவான இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். 2009-க்குப் பின் முதன்முறையாகச் சீனாவை இந்தியா முந்திய ஆண்டு அது.

ஆனால் ஓபிடி, நாடாளுமன்றச் சட்டமாக அன்றி நிருவாக விதியாக நிற்கும் ஏற்பாடு. அதனால் அதை எதிர்த்து வழக்குகள் நடந்திருக்கின்றன, அதை நீக்கும் பேச்சும் அவ்வப்போது எழுகிறது.

பிரிட்டன்: திறந்து மூடிய கதவு

1962 வரை காமன்வெல்த் நாட்டினர் பிரிட்டனுக்குள் நுழையவும் வேலை செய்யவும் தனி அனுமதி வேண்டியதில்லை. அவ்வாண்டுச் சட்டம் அதை முடிவுக்குக் கொண்டுவந்தது. 1967-இல் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனிக் கட்டணம் வந்தது. 1980-இல் முழுச் செலவையும் அவர்களே ஏற்க வேண்டும் என்றானது.

இந்த இரு ஆண்டுகளுக்கும் இடையில் ஈழத் தமிழ் மாணவர்கள் லண்டனுக்கு வரத் தொடங்கினர். இலங்கையில் 1970-களின் தொடக்கத்தில் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல் முறையால் பல்கலைக்கழக இடம் இழந்தவர்கள் அவர்களில் பலர். பகலில் கணக்கியலோ பொறியியலோ படித்து, இரவில் பெட்ரோல் நிலையங்களில் வேலை பார்த்த தலைமுறை என்று அவர்கள் இன்றும் நினைவுகூரப்படுகின்றனர். 1980-இன் கட்டண உயர்வும் 1983-இன் வன்முறையும் சேர்ந்து, படிக்க வந்த பலரின் வாழ்க்கையைத் திசை மாற்றின.

பிற்காலத்தில் பிரிட்டன் வெளிநாட்டு மாணவர்களை ஈர்க்க முனைந்தபோது விதிகள் தளர்ந்தன. படித்து முடித்தபின் இரண்டு ஆண்டு வேலை பார்க்கும் அனுமதி 2008-இல் நாடு முழுவதற்கும் வந்தது. 2012 ஏப்ரலில் அது மூடப்பட்டது. அந்த அனுமதியை எதிர்பார்த்துக் கடன் வாங்கிச் சென்றவர்கள் நடுவழியில் நின்றனர். ஒன்பது ஆண்டு கழித்து, 2021 ஜூலை 1 அன்று 'பட்டதாரி வழி' என்ற பெயரில் அதே இரண்டு ஆண்டு திரும்பியது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. முனைவர் பட்டம் பெற்றோருக்கு மட்டும் மூன்று ஆண்டு தொடரும்.

ஆஸ்திரேலியாவும் கனடாவும்

ஆஸ்திரேலியா 1951-இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் ஆசிய மாணவர்களை அழைத்தபோது, படிப்பு முடிந்ததும் ஊர் திரும்புவது நிபந்தனையாக இருந்தது. கல்வி அந்நாட்டின் பெரிய ஏற்றுமதித் தொழிலானபின் நோக்கம் மாறியது. 2008-இல் வேலை அனுமதி மாணவர் விசாவோடு சேர்த்தே வழங்கப்பட்டது. பின்னர் இரு வாரத்துக்கு 40 மணி என்ற கணக்கு நிலைத்தது.

கனடா 2006-இல் வளாகத்துக்கு வெளியே வேலை செய்வதற்கான அனுமதித் திட்டத்தை நாடு முழுவதும் தொடங்கியது. 2014 முதல், தகுதியுள்ள மாணவர்கள் தனி அனுமதியின்றியே வாரம் 20 மணி வேலை செய்யலாம் என்றானது.

கோவிட் தொற்றுக்குப் பின் இரு நாடுகளிலும் கடைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் ஆள் கிடைக்கவில்லை. உடனே மணிக்கணக்கு வரம்பு தளர்ந்தது. ஆஸ்திரேலியா 2022 ஜனவரியிலும் கனடா 2022 நவம்பரிலும் வரம்பைத் தற்காலிகமாக நீக்கின. ஆள் பற்றாக்குறை குறைந்து, வீட்டு வாடகை உயர்வு அரசியலானதும் வரம்பு திரும்பியது. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல் இரு வாரத்துக்கு 48 மணி. கனடாவில் 2024 ஏப்ரல் 30 உடன் சலுகை முடிந்தது, 2024 நவம்பர் 8 முதல் வாரம் 24 மணி. முழு நேரம் உழைத்துக் கட்டணம் கட்டலாம் என்று 2023-இல் கணக்குப் போட்டவருக்கு அடுத்த ஆண்டே அந்தக் கணக்கு பொய்த்தது.

வரம்பை மீறினால்

வரம்பை மீறி வேலை செய்வது விசா நிபந்தனையை மீறுவதாகும். விசா ரத்தாகலாம், பின்னாளில் வேறு நாட்டுக்கு விண்ணப்பிக்கும்போதும் அது தடையாகலாம். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வரம்பை மீறிய மாணவர் முதலாளியின் பிடியில் சிக்கிவிடுகிறார்.

ஆஸ்திரேலியாவின் செவன் இலெவன் கடைகளில் நடந்தது 2015-இல் வெளியானபோது உலகம் இதைக் கண்டது. பல கிளைகளில் மாணவர்களை இரு மடங்கு நேரம் வேலை வாங்கி, பதிவேட்டில் பாதி நேரத்தை மட்டும் காட்டினர். சட்டப்படியான கூலியில் பாதிதான் அவர்கள் கைக்குக் கிடைத்தது. புகார் சொன்னால் வரம்பை மீறியதைக் குடியேற்றத் துறைக்குச் சொல்லிவிடுவோம் என்ற மிரட்டலே அவர்களை வாயடைக்க வைத்தது. பின்னர் 15 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் திருப்பித் தரப்பட்டது. விதியை மீறாத மாணவருக்கே புகார் சொல்லும் துணிவும் இருக்கும் என்பது இதன் பாடம்.

இன்றைய விதிகள்

கல்விப் பருவம் நடக்கும்போது பொதுவாக உள்ள வரம்புகள் வருமாறு:

- அமெரிக்கா: வளாகத்துக்குள் வாரம் 20 மணி. முதல் கல்வியாண்டில் வெளியே வேலை இல்லை.
- பிரிட்டன்: பட்டப்படிப்பு மாணவர்களுக்கு வாரம் 20 மணி. சுயதொழிலுக்கு அனுமதி இல்லை, எனவே சுயதொழிலாகக் கருதப்படும் உணவு விநியோக வேலையும் கூடாது.
- கனடா: வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி.
- ஆஸ்திரேலியா: இரு வாரத்துக்கு 48 மணி.
- ஜெர்மனி: 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள்.
- ஜப்பான்: தனி அனுமதி பெற்று வாரம் 28 மணி.

இந்தியாவுக்குப் படிக்க வரும் வெளிநாட்டு மாணவருக்கு மாணவர் விசாவில் வேலை பார்க்கும் அனுமதி கிடையாது. எல்லா நாடுகளும் ஒரே வழியில் செல்வதில்லை என்பதற்கு நம் நாடே சான்று.

ஒரு கணக்கு

2025 ஏப்ரலில் பிரிட்டனில் 21 வயதுக்கு மேற்பட்டோரின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. வாரம் 20 மணி, ஒரு வாரமும் விடாமல் உழைத்தால் மாதச் சராசரி சுமார் 1,058 பவுண்டு. லண்டனுக்கு வெளியே தங்கும் மாணவர் வாழ்க்கைச் செலவுக்கென மாதம் 1,136 பவுண்டு காட்ட வேண்டும் என்று 2025 ஜனவரியில் அந்நாட்டு அரசே நிர்ணயித்தது. அதாவது அனுமதிக்கப்பட்ட நேரம் முழுதும் உழைத்தாலும் சோற்றுக்கும் வாடகைக்குமே பற்றாது. கல்விக் கட்டணமும் ஊரில் ஓடும் வட்டியும் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

அதனால்தான் கனடா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி ஆகிய நாடுகளும் வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே காட்டச் சொல்கின்றன. கனடா 2024 ஜனவரியில் இத்தொகையை 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக உயர்த்தியது. பகுதிநேர வேலை கைச்செலவுக்கு உதவும், படிப்புக்கு முதலாகாது என்பதை அந்நாடுகளே ஒப்புக்கொள்வதுபோல் இது அமைந்துள்ளது.

வரலாறு காட்டுவது

நூறாண்டு விதிகளை அடுக்கிப் பார்த்தால், மாணவரின் வேலை அனுமதி ஏரி மதகு போன்றது என்பது புலப்படும். தேவைக்கேற்ப ஏற்றி இறக்குபவர் வேறொருவர், அந்த நீரை நம்பிப் பயிர் வைப்பவர் வேறொருவர். தரகர்களின் விளம்பரத்தில் 'படித்துக்கொண்டே சம்பாதிக்கலாம்' என்ற வரி இருக்கும். அந்த விதி எந்த ஆண்டு வந்தது, எப்போது மாறப்போகிறது என்பது அதில் இருக்காது.

தருமபுரியிலிருந்து புறப்படும் மாணவர் அந்தந்த நாட்டுக் குடியேற்றத் துறையின் அதிகாரபூர்வ இணையதளத்தில் இன்றைய விதியைத் தாமே படித்துப் பார்ப்பது நல்லது. வேலை வருமானம் ஒரு ரூபாய்கூட இல்லை என்று வைத்துக்கொண்டு, முதல் ஆண்டுச் செலவைச் சமாளிக்க முடியுமா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து கணக்கிட வேண்டும். முடியும் என்றால் பகுதிநேர வேலை துணையாக இருக்கும். முடியாது என்றால், அடமானத்தில் இருக்கும் நிலத்தின் கதி, வேறொரு நாட்டு அமைச்சகம் வெளியிடப்போகும் அடுத்த அறிவிப்பின் கையில் இருக்கும்.