பணித் துப்பாக்கி உடைமை விதிகள்

பணித் துப்பாக்கி என்பது காவல் கடமைக்காக அரசு வாங்கி, எண் இட்டு, பதிவேட்டில் ஏற்றி, பணி நேரத்துக்கு மட்டும் காவலரிடம் ஒப்படைக்கும் படைக்கலம் ஆகும். இந்தியாவில் இத்தகைய ரைபிளை ஒரு காவலர் தம் சொந்தப் பணத்தில் வாங்கித் தம் வீட்டில் வைத்துக்கொள்வது, மத்திய அரசின் தனி அனுமதி இருந்தாலன்றி, சட்டப்படி இயலாது. இந்த விலக்கு ஒரே நாளில் தோன்றியதன்று. ஆயுதம் யார் கையில் இருக்கலாம் என்ற கேள்விக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அடுத்தடுத்து வந்த அரசுகள் அளித்த விடைகளின் தொகுப்பே அது.

தோற்றம்

சென்னை மாகாணத்தில் இன்றைய காவல் அமைப்புக்கு அடித்தளமிட்டது 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டமான சென்னை மாவட்டக் காவல் சட்டம் ஆகும். 1857இன் கிளர்ச்சிக்குப் பின் ஆங்கில அரசு மக்களிடம் இருந்த ஆயுதங்களைக் கட்டுப்படுத்தத் தொடங்கி, 1860இல் ஒரு சட்டத்தையும், லிட்டன் பிரபுவின் ஆட்சியில் 1878இல் மேலும் கடுமையான இந்திய ஆயுதச் சட்டத்தையும் இயற்றியது. பின்னதன்படி இந்தியர் உரிமம் பெற்றே ஆயுதம் வைத்திருக்க வேண்டியிருந்தது. ஐரோப்பியருக்கோ விலக்கு இருந்தது.

இந்தியர் மீதான இந்த ஐயம் காவலர் கையில் இருந்த ஆயுதத்திலும் பதிந்தது. ரைபிள் என்பது குழலின் உட்புறத்தில் திருகு வரிகள் வெட்டப்பட்ட துப்பாக்கி. அவ்வரிகள் குண்டைச் சுழலச் செய்வதால் அது நெடுந்தொலைவு நேராகச் செல்லும். இஷாப்பூர் தொழிற்சாலையில் .303 ரைபிள்களின் வரிகளை நீக்கி, குழலை .410 அங்குல வழவழப்புக் குழலாக மாற்றி, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டுமே இடக்கூடிய மஸ்கெட்டுகளாகக் காவலருக்கு வழங்கினர். வெளித்தோற்றத்தில் அது படைவீரரின் ரைபிளாகவே இருந்தாலும், எட்டும் தொலைவும் சுடும் வேகமும் குறைந்த கருவியாக இருந்தது.

1959ஆம் ஆண்டுச் சட்டம்

விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட ஆயுதச் சட்டம், 1959, அதன் விதிகளுடன் 1962 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன் 7ஆம் பிரிவு, தடை செய்யப்பட்ட ஆயுதங்களை மத்திய அரசின் தனி அதிகாரம் பெறாமல் எவரும் அடையவோ வைத்திருக்கவோ கூடாது என்கிறது. விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை தொடர்ந்து சுடும் தானியங்கித் துப்பாக்கிகள் இவ்வகையின.

காவலர்களைப் பொறுத்தவரை உயிர்நாடியானது 45ஆம் பிரிவு. அரசின் ஆணைப்படியோ, பொது ஊழியர் ஒருவர் தம் கடமையின் போக்கிலோ ஆயுதம் வைத்திருப்பதற்கு இச்சட்டம் பொருந்தாது என்று அது விலக்களிக்கிறது. இவ்விலக்கு ஆளுக்கு உரியதன்று, கடமைக்கு உரியது. கடமை முடிந்த காவலர் தமக்கெனத் துப்பாக்கி வாங்க விரும்பினால், மற்றக் குடிமக்களைப் போலவே விண்ணப்பிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, திருவண்ணாமலை மாவட்டத்தில் அவ்விண்ணப்பம் செல்லும் இடம் வேங்கிக்காலில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகம். சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி அருகில் உள்ள காவல் நிலையத்தின் அறிக்கையும் பெறப்பட வேண்டும். விண்ணப்பிப்பவர் காவலராயினும் இதே வழிதான்.

தோட்டாவை வைத்து அமைந்த தடை

1962 விதிகளும் அவற்றுக்கு மாற்றாக வந்த 2016 விதிகளும் தானியங்கிகளோடு நிற்கவில்லை. .303 அல்லது 7.62 மி.மீ. பணித் தோட்டாவை ஏற்றுச் சுடக்கூடிய ரைபிள்களும், 9 மி.மீ. பணித் தோட்டாவை ஏற்கும் கைத்துப்பாக்கிகளும், .410 மஸ்கெட்டுகளும் உரிமம் வழங்கும் அதிகாரம் மத்திய உள்துறையிடம் மட்டுமே உள்ள முதல் வகையில் வைக்கப்பட்டுள்ளன. துப்பாக்கி எவ்வளவு பழையது என்பதன்று, அரசுக் கிடங்கிலிருந்து களவு போன தோட்டா அதில் நுழையுமா என்பதே இங்கு அளவுகோல். அதனால்தான் .303 ரைபிளைப் போலவே கையால் போல்ட்டை இழுத்து இயக்கும் .315 ரைபிளை அரசுத் தொழிற்சாலையே செய்து உரிமம் பெற்ற பொதுமக்களுக்கு விற்கிறது; .303 ரைபிளோ, பல படைகளில் அது வழக்கொழிந்துவரும் இந்நாளிலும், தனியார் கைக்கு எட்டாமல் இருக்கிறது.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. காவலரிடமிருந்தோ படைவீரரிடமிருந்தோ வலிந்து துப்பாக்கியைப் பறிப்பதைத் தனிக் குற்றமாக்கி, பத்தாண்டுக்குக் குறையாத சிறை முதல் ஆயுள் தண்டனை வரை அத்திருத்தம் விதித்தது.

காப்பறையும் பதிவேடும்

தமிழ்நாட்டுக் காவலர் வழக்கில் ‘பெல் ஆஃப் ஆர்ம்ஸ்’ எனப்படும் ஆயுதக் காப்பறையில் துப்பாக்கிகள் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும். ரைபிளைப் பெறுபவர் அதன் எண்ணையும் தோட்டாக்களின் எண்ணிக்கையையும் சரிபார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திடுகிறார். திருப்பித் தரும்போது இரண்டும் மீண்டும் எண்ணப்படுகின்றன. துப்பாக்கிச் சுடும் பயிற்சி முடிந்த பின் தரையில் சிதறிய வெற்றுத் தோட்டாக் கூடுகளைக்கூடப் பொறுக்கி எண்ணிக் கணக்கில் சேர்க்கும் வழக்கம், இந்த ஒழுங்கு எவ்வளவு நுணுக்கமானது என்பதைக் காட்டும்.

வட ஆர்க்காட்டிலிருந்து 1989 செப்டம்பர் 30 அன்று பிரிந்து தனி மாவட்டமான திருவண்ணாமலையில் இவ்வொழுங்கின் தேவை கண்கூடு. கார்த்திகைத் தீபத்தன்று பல இலட்சம் பேர் 14 கி.மீ. கிரிவலப் பாதையில் தோளோடு தோள் உரச நடக்கிறார்கள். பல மாவட்டங்களிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான காவலர்கள் அப்போது பணியில் நிற்கிறார்கள். அத்தகைய நெரிசலில் கணக்கில் வராத ஒரு துப்பாக்கி பக்தர்களுக்கு மட்டுமல்ல, அதைச் சுமக்கும் காவலருக்கும் ஆபத்தாக முடியும்.

பிற நாட்டு ஒப்புமை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் வேறு வழியில் சென்றது. 1989இல் இராணுவப் பாங்கான அரைத்தானியங்கி ரைபிள்களைப் பொதுமக்களுக்குத் தடுத்த அம்மாநிலம், துறைத் தலைவரின் ஒப்புதல் கடிதம் உள்ள காவலர் அவற்றைச் சொந்தமாக வாங்கிப் பதிவு செய்துகொள்ளப் பின்னர் இடமளித்தது. அவர் ஓய்வு பெற்ற பின் அந்த ரைபிள் யாருடையது என்ற சிக்கல் உடனே எழுந்தது. ஓய்வு பெற்ற காவலருக்குத் தரப்பட்ட தனிச்சலுகையைக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002இல் செல்லாததாக்கியது. பணிக்காக வாங்கிய ரைபிளை ஓய்வுக்குப் பின் வைத்திருக்க முடியாது என்று மாநிலத் தலைமை வழக்கறிஞர் 2010இல் கருத்துரைத்தார்.

மதிப்பீடு

பழைய ஆயுதங்களோடு காவலரை நிறுத்துவது அநீதி என்பதை 2008 நவம்பரில் மும்பையில் .303 ரைபிளோடு தானியங்கித் துப்பாக்கிகளை எதிர்கொண்ட காவலர்களின் நிலை உணர்த்தியது. அதற்கான தீர்வு, நல்ல ரைபிளைக் காவலரே வாங்கிக்கொள்ள விடுவதன்று. திருச்சிராப்பள்ளித் துப்பாக்கித் தொழிற்சாலை போன்றவை செய்யும் புதிய ரைபிள்களை அரசே வாங்கி, போதிய பயிற்சியுடன் தருவதாகும். ஆயுதத்தின் செலவும் பொறுப்பும் அரசையே சேர வேண்டும் என்பதில் இந்திய விதி தெளிவாக உள்ளது. ஓய்வு பெறும் காவலர் தம் ரைபிளைக் காப்பறையில் ஒப்படைக்கிறார். அதே எண்ணுக்கு நேரே அடுத்தவர் கையெழுத்திடுகிறார்.