ஊர் மாறினா எலக்ட்ரீஷியன் சான்றிதழ் செல்லுமா? தேர்வு எழுதும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

கோபாலபுரத்தில் பழைய வீட்டை இடித்துவிட்டு அபார்ட்மென்ட் எழும்பும் எந்த இடத்திலும் வயரிங் வேலைக்கு பல ஊர்க்காரர்கள் இருப்பார்கள். பீகாரில் ஐடிஐ முடித்து சென்னைக்கு வந்தவர் ஒரு பக்கம். இங்கேயே தொழில் கற்று, அடுத்த மாதம் பெங்களூரு கிளம்புகிறவர் இன்னொரு பக்கம். இரண்டு பேருக்கும் ஒரே கேள்விதான்: கையில் இருக்கும் சான்றிதழ் அடுத்த மாநிலத்தில் செல்லுமா?

ஒன்று செல்லும், இன்னொன்று தானாகச் செல்லாது. இதில்தான் பலரும் குழம்புகிறார்கள்.

ஐடிஐயில் இரண்டு வருட எலக்ட்ரீஷியன் அல்லது வயர்மேன் படிப்பு முடித்து, அகில இந்திய தொழிற்தேர்வில் பாஸானால் கிடைப்பது தேசிய தொழிற் சான்றிதழ். இது நாடு முழுக்க செல்லும். ஆனால் வயரிங் வேலை செய்வதற்கான அனுமதி வேறு. 1956-ம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 45-வது விதி, அந்த அனுமதியை மாநில அரசு தந்திருக்க வேண்டும் அல்லது ஏற்றிருக்க வேண்டும் என்றது. பல்பு, ஃபேன், சுவிட்ச் மாற்றுவது போன்ற சில வேலைகளுக்கு விலக்கு. பின்னால் வந்த மத்திய மின்சார ஆணைய விதிமுறைகளும் இதையே தொடர்கின்றன. "ஏற்றிருக்க வேண்டும்" என்ற வார்த்தையை கவனிங்க. வெளிமாநில சான்றை ஏற்பதா, மறுபடி தேர்வு எழுதச் சொல்வதா என்பது அந்தந்த மாநிலத்தின் கையில்.

தமிழ்நாட்டில் இந்த சான்றுகளைத் தருவது கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம். கர்நாடகாவில் மின் ஆய்வகத் துறை, கேரளாவில் தனி உரிம வாரியம். எனவே ரயில் டிக்கெட் போடுவதற்கு முன்னாடியே, போகும் ஊர் அலுவலகத்தில் இரண்டு விஷயம் கேளுங்க: என் சான்றை ஏற்பீங்களா? இல்லைன்னா தேர்வு எந்த மொழியில்?

பாடத்தை விட பேப்பர்தான் கஷ்டம்

தமிழ்நாட்டில் ஐடிஐ படிக்காமல் தொழில் கற்றவர்களுக்கு, வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வை நடத்துகிறது. 21 வயது நிறைந்திருக்க வேண்டும், வயரிங் வேலையில் 5 வருட அனுபவம் வேண்டும். அனுபவம் எல்லாரிடமும் இருக்கும். அதை நிரூபிக்கும் பேப்பர் இருக்காது. சனிக்கிழமை கூலியை கையில் வாங்கியவருக்கு யார் எழுதிக் கொடுத்திருப்பார்கள்? ஊரை விட்டுப் போன பிறகு பழைய கான்ட்ராக்டரைத் தேடிப் பிடித்து கையெழுத்து வாங்குவது பெரும் பாடு. கிளம்பும் முன்பே, எந்த தேதியிலிருந்து எந்த தேதி வரை, என்ன வேலை, கான்ட்ராக்டரின் உரிம எண் என்ன என்று தெளிவாக எழுதி வாங்கிடுங்க.

பாடத்தைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். ஓம் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறாது. சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சிவப்பு, மஞ்சள், நீலம் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஷாக்கிலிருந்து ஆளைக் காக்க 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. இதெல்லாம் எங்கேயும் ஒன்றுதான். மாடிப்படி வயரிங்கை வரைந்து பழகுங்க. மெகர் வைத்து இன்சுலேஷன் சோதிப்பதை கையால் செய்து பாருங்க. தினமும் செய்கிற வேலையை காகிதத்தில் எழுதும்போதுதான் பலர் தடுமாறுவார்கள்.

கனடாவில் 'ரெட் சீல்' முத்திரை வாங்கிய எலக்ட்ரீஷியனை எல்லா மாகாணங்களும் ஏற்கின்றன. நம்ம ஊரில் வயர்மேன் அனுமதிக்கு அப்படி ஒன்று இல்லை.

கடைசியாக இனிஷியல். தமிழ்நாட்டு சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இருக்கும், ஆதாரில் அது பின்னால் போயிருக்கும், சிலருக்கு அப்பா பெயரே முழுசாக வந்திருக்கும். நமக்கு அது சாதாரணம். குடும்பப்பெயர் கேட்கும் வெளிமாநில விண்ணப்பத்தில் இரண்டு பேர் மாதிரி தெரியும். திருத்தம் செய்வதாக இருந்தால், இங்கே இருக்கும்போதே செய்துவிடுங்க.