பானட்டைத் தாங்கும் முறைகள்

மோட்டார் காரின் முதல் சில பத்தாண்டுகளில் பானட்டைத் திறந்து நிறுத்துவது ஒரு சிக்கலாகவே இருக்கவில்லை. அன்றைய பானட் ஒரே அகன்ற மூடியாக அமையாமல், இன்ஜினுக்கு மேலே நீளவாக்கில் ஓடிய கீலின் இருபுறமும் மடியும் மெல்லிய தகடுகளாக இருந்ததே அதற்குக் காரணம். ஃபோர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை தயாரித்த மாடல் டி காரில், ஓட்டுநர் வண்டியின் பக்கத்தில் நின்று கொக்கியை விடுவித்து, ஒரு பக்கத் தகட்டை மட்டும் மடித்துத் தூக்கினால் போதும். அது மறுபக்கத்தின் மேல் படிந்து நிற்கும். ஸ்பார்க் பிளக்கையும் கார்புரேட்டரையும் அடிக்கடி தொட வேண்டியிருந்த அக்காலத்துக்கு இந்த அமைப்பு மிகவும் பொருந்தியது.

1930களில் காரின் உருவமே மாறியது. மட்கார்டுகள் அகன்று உடலோடு ஒட்டத் தொடங்கியதால், பக்கத்தில் நின்று இன்ஜினை எட்டுவது கடினமாயிற்று. பெரிய எஃகுத் தகட்டை ஒரே அழுத்தில் வடிக்கும் இயந்திரங்களும் அதே காலத்தில் பரவின. இவ்விரண்டும் சேர்ந்து, பின்புறம் கீல் வைத்து முன்புறம் வாய் திறக்கும் பானட்டைப் பிறப்பித்தன. முதலையின் வாயைப் போலத் திறந்ததால் அமெரிக்காவில் அதற்கு முதலையின் பெயரையே வைத்தார்கள். 1936ஆம் ஆண்டின் லிங்கன் செஃபிர் இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. தோற்றத்துக்கு அழகு சேர்த்த இந்த மாற்றம் ஒரு புதிய சுமையையும் கொண்டுவந்தது: மூடி முழுவதும் பின்கீலில் தொங்க, அதை மேலே நிறுத்த வேறொன்று தேவைப்பட்டது.

அதற்கு இரண்டு விடைகள் கிடைத்தன. ஒன்று, இன்றும் பெரும்பாலான சிறிய கார்களில் உள்ள தாங்குகம்பி. ஒரு முனை வண்டியின் முன்சட்டத்தில் சுழலும்படி பொருத்தப்பட்டு, மறுமுனை பானட்டின் அடியிலுள்ள துளையில் நுழைந்து நிற்கும். மற்றொன்று, கனத்த பானட்டுகளைக் கொண்ட அமெரிக்கக் கார்கள் பல பத்தாண்டுகள் கையாண்ட சுருள்வில் கீல். கீலோடு இணைந்த வலிய வில்கள் எடையை ஈடுகட்டியதால், மூடியை ஒரு கையால் உயர்த்த முடிந்தது. ஆனால் எண்ணெய் காணாமல் கீல் இறுகிவிட்ட வண்டிகளில், மூட முயல்பவர் முன்முனையை அழுத்த, அசைய மறுத்த கீலுக்குச் சற்று முன்னால் தகடு மடிந்து நெளியும். பழைய அமெரிக்கக் கார்களைப் புதுப்பிப்பவர்கள் இந்த நெளிவை நன்கு அறிவார்கள். பானட் தகடு தன் எடையைத் தாங்கும் அளவுக்கே உறுதியானது, இடையில் வந்து சேரும் விசையைத் தாங்குமளவுக்கு அன்று என்பதை இந்தப் பழுது காட்டிக்கொடுத்தது.

மூன்றாவது விடை ஜெர்மனியில் உருவானது. கோப்லென்ஸ் நகரைச் சேர்ந்த ஸ்டாபிலஸ் நிறுவனம் 1962இல் வாயுத்தண்டுகளைத் தொழிற்சாலை அளவில் தயாரிக்கத் தொடங்கியது. வாயுத்தண்டு, அதாவது கடைகளில் கேஸ் ஸ்ட்ரட் என்று கேட்டு வாங்கப்படும் பொருள், உயர் அழுத்தத்தில் நைட்ரஜன் அடைக்கப்பட்ட ஓர் எஃகுக் குழாய். அதனுள் செல்லும் தண்டின் குறுக்குப் பரப்பின் மீது வாயு செலுத்தும் அழுத்தமே அதன் விசை: 8 மில்லிமீட்டர் தண்டும் 100 பார் அழுத்தமும் இருந்தால், ஏறக்குறைய 500 நியூட்டன், அதாவது சுமார் 50 கிலோ எடையைத் தாங்கும் விசை கிடைக்கும். உள்ளே இருக்கும் சிறிதளவு எண்ணெய் இறுதி நகர்வை மெதுவாக்குவதோடு சீலையும் ஈரமாக வைத்திருக்கிறது. அதனால்தான், மூடிய நிலையில் தண்டு கீழ்நோக்கி இருக்குமாறு பொருத்துவது நல்ல முறை எனப்படுகிறது.

டிக்கிக் கதவுகளில் பரவலாகிப் பின்னர் விலையுயர்ந்த கார்களின் பானட்டுக்கும் வந்த இந்தத் தண்டு, தாங்குகம்பி மட்டுமே உள்ள வண்டிகளிலும் இப்போது உரிமையாளர்களால் பொருத்தப்படுகிறது. இது விரும்பத்தக்கதா என்பதற்கு, இரண்டு கருவிகளும் தகட்டோடு கொள்ளும் உறவே விடை தருகிறது. தாங்குகம்பி பானட் திறந்திருக்கும் சில நிமிடங்கள் மட்டுமே சுமக்கிறது. மூடியபின் தகட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. வாயுத்தண்டோ, வண்டி ஓடும் நேரத்திலும் நிற்கும் நேரத்திலும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. 15 கிலோ பானட்டின் எடைமையம் கீலிலிருந்து அரை மீட்டர் தொலைவிலும், தண்டின் விசைக்கோடு கீலிலிருந்து 15 சென்டிமீட்டர் தொலைவிலும் இருப்பதாகக் கொண்டால், பானட்டைத் தாங்க மொத்தம் 500 நியூட்டன், பக்கத்துக்கு 250 நியூட்டன் தேவைப்படும். தகட்டின் எடையைப்போல மூன்று மடங்குக்கு மேற்பட்ட அந்த விசை இரண்டு சிறிய பிடிகள் வழியாக மெல்லிய உட்சட்டத்தில் இறங்குகிறது. தேவைக்கு மிஞ்சிய வலுவுள்ள தண்டு பொருத்தப்பட்டால், பானட்டின் பின்மூலைகள் மேலெழும்பி, மட்கார்டுக்கும் அதற்குமான இடைவெளி ஒரே சீராக இல்லாமற்போகும்.

வெப்பநிலையும் கணக்கில் சேர வேண்டும். 40 டிகிரி வெயிலில் சென்னையில் சரியாக நிற்கும் தண்டு, 5 டிகிரிக் குளிரில் உதகையில் தன் விசையில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கை இழந்திருக்கும். சீல் வழியே ஆண்டுக்கணக்கில் கசியும் வாயு இதற்கு மேலும் சேரும் இழப்பு.

ஆகவே, அதே உடலமைப்பின் உயர்ந்த வகைகளில் நிறுவனமே வாயுத்தண்டு பொருத்தி, அதற்கான துளைகளையும் வலுவூட்டிய உட்சட்டத்தையும் எல்லா வகைகளிலும் விட்டுவைத்திருக்கும் வண்டிகளில் இந்த மாற்றம் ஏற்கத்தக்கது. துளையிட்டும் தகட்டுத் திருகாலும் பொருத்தும் வேலை ஏற்கத்தக்கதன்று. எந்த வண்டியிலும் பழைய தாங்குகம்பியைக் கழற்றி எறியாமல் அதன் இடத்திலேயே விட்டுவைக்க வேண்டும். வாயு குறைந்த தண்டு இறங்கும்போது, அதன் கீழே குனிந்து வேலை செய்யும் மெக்கானிக்கின் தலைக்கும் கைக்கும் அந்தக் கம்பியே காவல்.