மாரியில் கைமாறும் தென்னங்கன்று

குருநாகலிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ6 வீதியில், மாத்தளை மாவட்டத்தில் இருக்கிறது கலேவெல. ஐப்பசி மழையோடு பெரும்போகம் தொடங்கினால் தை வரைக்கும் மண்ணில் ஈரம் நிற்கும். இங்கிலாந்தில் இலையுதிர்ந்து உறங்கும் ரோஜாவை மண் உதறி, வெறும் வேரோடு, நவம்பர் முதல் மார்ச் வரை நடுவார்கள். கலேவெலயில் மாரி மாதங்களில் செடிக்கு உறக்கமே இல்லை. துளிர்க்கும் காலமே அதுதான். தோட்டம் வைக்கிறவர் புதுவீடு குடிபுகுந்தால் கையில் கன்றோடு போக மாரியே நல்ல பருவம்.

இலங்கையில் எழுத்தில் பதிந்த மிகப் பழைய கன்றுக் கொடைகளில் ஒன்றும் மாரியில்தான் வந்து சேர்ந்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் பௌத்த பிக்குணி சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு இன்றைய சம்பில்துறையான ஜம்புகோளத்தில் கரையிறங்கினார் என்கிறது மகாவம்சம். டிசம்பரில் வரும் உந்துவப் போயா அந்த வருகையின் நினைவுநாள். அநுராதபுரத்தில் மரம் ஊன்றியபின் முளைத்த 8 கன்றுகளில் ஒன்று ஜம்புகோளத்துக்கே திரும்பியது. இன்னொன்று திவக்கன் என்ற பிராமணரின் ஊருக்கும், மற்றொன்று மிகிந்தலைக்கும் போயின. அடுத்து 32 கன்றுகள் தீவெங்கும் பரவின.

வீட்டுக்கு வரும் கன்றென்றால் அது பெரும்பாலும் தென்னைதான். 1929இல் தொடங்கி லுணுவிலவில் இயங்கும் தென்னை ஆராய்ச்சி நிலையம் சொல்லும் நடவுமுறையைக் கிராமத்தவர்கள் நன்கறிவார்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 3 அடியாகக் குழி வெட்டி, அடியில் பொச்சு மட்டையை இரண்டு வரிசையாக அடுக்கி, மேல்மண்ணை நிரப்பி, அதன்மேல் கன்றை வைப்பார்கள். மட்டை மழைநீரை உறிஞ்சி வைத்து, வெயில் மாதங்களில் வேருக்கு ஊட்டும். நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருடமாகும். 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியபோது முற்றத்தில் காய்க்கும் மரத்தின் பெறுமதி எல்லோருக்கும் தெரிந்தது.

சிக்கல் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. இந்துக்கள் மார்கழியில் குடிபுகுவதில்லை. பால் காய்ச்சும் நாள் தைக்குத் தள்ளிப்போகும். மழை ஓயப்போகும் நேரம் அது. தை முடிவில் நட்ட கன்று வேர் பிடிக்குமுன் வறட்சி வந்துவிடும். அதனால் அந்த அழைப்புக்குப் பையில் வளர்ந்த கன்றையே கொண்டுபோக வேண்டும். நிழலில் வைத்து நீரூற்றி, சித்திரை மழைக்கோ அடுத்த ஐப்பசிக்கோ நடலாம். நல்ல மண்வெட்டியும் பூவாளியும் எந்த மாதத்திலும் பயன்படும். மார்கழி விலக்கில்லாத முஸ்லிம் வீடுகளுக்கு மழை உச்சத்திலேயே கன்றைக் கொடுத்து அன்றே நட்டுவிடலாம்.

கன்று மரமானபின் காயைப் பறிக்க வரும் குரங்கையும் மறக்கக் கூடாது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு, ஐந்தே நிமிடத்தில், வளவுகளில் நின்ற குரங்கு, மயில், மரஅணில்களை எண்ணும்படி அரசு நாடு முழுவதையும் கேட்டது. தொல்லை அந்தளவுக்கு முற்றியிருந்தது.

கன்று கொடுக்க முதலில் நிலம் வேண்டும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் வழியில் அமைந்த குடியேற்றத் திட்டங்கள், கலேவெலவை ஒட்டிய தேவஹுவவைப் போல, வயலோடு வீட்டுத்தோட்டத்துக்கு மேட்டுநிலமும் கொடுத்தன. அதே மாத்தளை மாவட்டத்தின் தோட்டங்களில் லயன் அறைகளில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளருக்குத் தென்னை நட ஒரு முழம் சொந்தமில்லை. 2015க்குப் பிறகுதான் பெருந்தோட்டக் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் என்ற ஒதுக்கீடு வந்தது. அது சுமார் 1,900 சதுர அடி. இந்திய உதவியில் எழுந்த வீடு 550 சதுர அடியை எடுக்க, மீதி 1,350 அடி. தென்னைக்கு 26 அடி இடைவெளி வேண்டும் என்பதால், அந்த வளவில் இரண்டு மரத்துக்குத்தான் இடமுண்டு. முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் ஓரங்கள் மிஞ்சும்.