'ஒலியும் ஒளியும்' முதல் ரீல்ஸ் வரை: பாட்டுக்குக் காசு கொடுப்பது யார்?

ஆடி மாசத்தில் திண்டிவனம், மரக்காணம் பக்கம் போனால் பிரம்மதேசம் மாதிரி ஊர்களின் கோயில் திருவிழா பேனர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். பாட்டுக் கச்சேரிக்கு வரும் பாடகர் பெயருக்கு முன்னால் 'டிவி புகழ்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அவர் எந்த ஊர், யாரிடம் பாட்டு கற்றார் என்பதெல்லாம் பேனரில் இருக்காது. இதே வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் விடிய விடிய பாடி ஆடும் தெருக்கூத்துக் கலைஞருக்கு அந்த அடைமொழி கிடைப்பதில்லை. பாட்டு நன்றாக இருக்கிறதா என்பதைவிட, அதற்குப் பின்னால் யார் பணம் போடுகிறார்கள் என்பது எப்போது முக்கியமானது?

டிவிக்கு முன்பே ஆரம்பித்த கதை

தொடக்கம் ரேடியோவில்தான். 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கருக்கு சினிமா பாட்டு என்றாலே ஆகாது. அகில இந்திய வானொலியில் அதற்கு இடம் சுருங்கியது. நேயர்கள் சும்மா இருப்பார்களா? ரேடியோ சிலோன் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். அங்கே வர்த்தக ஒலிபரப்பு இருந்தது. இந்தியில் புகழ்பெற்ற 'பினாகா கீத்மாலா'வில் பினாகா என்பது பற்பசையின் பெயர். இலங்கையின் தமிழ் ஒலிபரப்பும் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்தது இப்படித்தான். அரசுக்கு வேறு வழியில்லை. 1957 அக்டோபர் 3-ல் விவித பாரதி தொடங்கியது. பத்து வருஷம் கழித்து, 1967-ல், அதிலும் விளம்பரம் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அரை மணி நேரம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. மறு வருஷமே தூர்தர்ஷன் விளம்பரம் வாங்க ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' பார்க்க டிவி இருக்கிற வீட்டு வாசலில் கூட்டம் கூடும். பஞ்சாயத்து டிவி முன்னால் பாய் விரித்து உட்கார்ந்த கதையை இன்றைக்கும் எங்கள் அப்பா தலைமுறை சொல்லும்.

பெரிய மாற்றம் இங்கேதான் என்பது என் கருத்து. அதுவரை வீட்டுக்குள் பாட்டு என்றால் காதால் கேட்பது. இப்போது அதே பாட்டைக் கண்ணால் பார்க்கிறோம். புதுப்படப் பாட்டு ஒன்று டிவியில் வந்தால் அது படத்துக்கே விளம்பரம். பாட்டு படத்துக்குள் இருந்த காலம் போய், படத்தை விற்கிற வேலையும் பாட்டுக்கு வந்தது.

1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி வந்த பிறகு இது வேகம் பிடித்தது. நிகழ்ச்சியின் பெயரிலேயே கம்பெனி பெயர்: 'பெப்சி உங்கள் சாய்ஸ்', 'லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு'. இரண்டாவதை நடத்தியவர் இலங்கை வானொலியில் பெயர் வாங்கிய பி.எச்.அப்துல் ஹமீது. ரேடியோவில் பழகிய குரல், டிவியில் நகைக்கடை விளம்பரத்தோடு வந்தது.

2006 ஒரு திருப்பம். ஒரு பக்கம் அரசின் இலவச கலர் டிவி திட்டம், 14 அங்குலப் பெட்டியாக கிராமத்து வீடுகளுக்குள் போனது. இன்னொரு பக்கம் அதே வருஷம் விஜய் டிவியில் 'ஏர்டெல் சூப்பர் சிங்கர்'. பாடகருக்கு ஓட்டுப் போட எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும், அதற்கும் காசு போகும். அப்புறம் கிராமியப் பாட்டுக்கும் இதுதான் வாசலானது. மேடை மேடையாகப் பாடிக்கொண்டிருந்த செந்தில் கணேஷ் 2018-ல் பட்டம் வென்றார். அவரும் ராஜலட்சுமியும் சினிமா பாட்டில் பரவலாகத் தெரிந்தது அதற்குப் பிறகுதான்.

பாடினவருக்கு என்ன கிடைக்கும்?

1977-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. தயாரிப்பாளர் பணம் கொடுத்துப் போடவைத்த பாட்டுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், அவர்தான் உரிமையாளர். முப்பத்தைந்து வருஷம் இதே நிலைதான். 2012-ல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான், தியேட்டருக்கு வெளியே பாட்டு பயன்படும்போது பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உறுதியானது. பாடகருக்கும் வணிகப் பயன்பாட்டில் உரிமை உண்டு. 2017-ல் இளையராஜா தரப்பு எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் அனுப்பியபோதுதான் டீக்கடை வரைக்கும் ராயல்டி என்ற சொல் போனது.

அதற்குள் பணம் போடும் இடமும் மாறிவிட்டது. 2011 நவம்பரில் வெளியான 'கொலவெறி' பாட்டு, '3' படம் வருவதற்கு மாதங்கள் முன்பே யூடியூபில் உலகம் சுற்றியது. 2020-ல் டிக்டாக் தடையானதும் ரீல்ஸ் வந்தது. முப்பது நொடியில் பிடிக்கவில்லை என்றால் விரல் தள்ளிவிடும். பல்லவி வரும் வரை காத்திருக்க யாருக்குப் பொறுமை?

கூத்தும் செல்போனில்

இன்று கூத்து நிகழ்ச்சிகளும் முழு இரவு வீடியோவாக யூடியூபில் ஏறுகின்றன. விளம்பரப் பணம் சேனல் வைத்திருப்பவர் கணக்குக்குப் போகும். வேஷம் கட்டியவருக்கு அன்றைய சம்பளம் மட்டும்தான், முன்கூட்டியே பேசிவைத்தால் தவிர. ஆனால் சட்டத்தில் நிகழ்த்துவோருக்கான உரிமை சினிமா பாடகருக்கு மட்டும் என்று இல்லை. பாடுபவர், ஆடுபவர், வாசிப்பவர் எல்லோருக்கும் அது பொருந்தும். வியாபாரத்துக்காகப் பதிவு செய்கிறவர் அவர்களின் சம்மதம் வாங்க வேண்டும். ஆகவே திருவிழாவுக்குத் தேதி கொடுக்கும்போதே குழு வாத்தியார், யார் வீடியோ எடுப்பார்கள், வருகிற பணத்தில் பங்கு எவ்வளவு என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.