கல்லீரல் நோயில் தூக்க மாத்திரைகளும் மனச்சோர்வு மருந்துகளும்

கல்லீரல் நோய் உள்ளவர்களிடம் தூக்கமின்மையும் மனச்சோர்வும் பரவலாகக் காணப்படுகின்றன. இவற்றுக்குத் தரப்படும் மருந்துகளில் பெரும்பாலானவை கல்லீரலில்தான் சிதைந்து உடலைவிட்டு வெளியேறுகின்றன. அந்த உறுப்பே பழுதாகியிருக்கும்போது வழக்கமான அளவுகூட மிகை அளவாகிவிடும். தூக்கத்துக்காக எழுதப்படும் சோல்பிடெம், நல்ல கல்லீரல் உள்ளவரின் இரத்தத்தில் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகக் குறையும். கல்லீரல் சுருக்க நோய் (சிரோசிஸ்) உள்ளவரிடம் அப்படிக் குறைய ஏறத்தாழ 10 மணி நேரம் ஆகிறது. இரவில் போட்ட மாத்திரை மறுநாள் காலையிலும் வேலை செய்துகொண்டிருக்கும்.

குடலில் உறிஞ்சப்படும் மருந்து, போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குப் போய், அங்கே ஒரு பகுதி அழிந்த பிறகே உடலெங்கும் பரவும். கல்லீரல் சுருங்கி இறுகிவிட்டால் இரத்தம் உள்ளே நுழைய வழியின்றிப் பக்கக் குழாய்களில் திரும்பிவிடுகிறது. மருந்து குறையாமல் மூளையை எட்டுகிறது. கல்லீரல் தயாரிக்கும் ஆல்புமின் குறைவதால், அதோடு ஒட்டியிருக்க வேண்டிய மருந்தும் தனித்து உலவுகிறது. மருந்தை ஆக்சிஜனேற்றம் செய்யும் சைட்டோகுரோம் நொதிகள் முன்னதாகவே தளர்கின்றன. குளுகுரோனிக் அமிலத்தோடு இணைத்துக் கழிக்கும் வேலையோ பெரும்பாலும் நோய் முற்றும்வரை தாக்குப்பிடிக்கிறது. மருந்துத் தேர்வில் இந்த வேறுபாடு பெரிதும் கைகொடுக்கும்.

இரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி என்ற நொதியின் அளவை மட்டும் பார்த்து நிம்மதி அடைவது ஆபத்தான பழக்கம். செல்கள் சேதமாவதை அது காட்டும். கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் காட்டாது. முற்றிய சிரோசிஸிலும் அது இயல்பாக இருக்கக்கூடும். செயல்திறனை அறிய உதவுவது சைல்டு-பியூ மதிப்பீடு. சைல்டும் டர்காட்டும் 1964இல் வகுத்ததைப் பியூ 1973இல் திருத்தினார். பிலிருபின், ஆல்புமின், இரத்தம் உறையும் நேரம், வயிற்றில் சேரும் நீர், மூளைப் பாதிப்பு ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் இட்டு, 5-6 ‘ஏ’, 7-9 ‘பி’, 10-15 ‘சி’ எனப் பிரிப்பார்கள். சாதாரணக் கொழுப்புக் கல்லீரல் உள்ளவருக்குப் பெரும்பாலும் அளவைக் குறைக்க வேண்டியிராது. ‘சி’ பிரிவில் பல மருந்துகளைத் தொடவே கூடாது.

தூக்கமின்மை

சிரோசிஸ் நோயாளி இரவெல்லாம் விழித்துக் கிடந்து பகலில் தூங்கி வழிந்தால், முதலில் ஐயப்பட வேண்டியது கல்லீரல்சார் மூளைப் பாதிப்பை. குடலில் உருவாகும் அம்மோனியா முதலிய நச்சுகளைக் கல்லீரல் களையாததால் அவை மூளையைத் தாக்குகின்றன. தூக்கம் தலைகீழாவது அதன் தொடக்க அடையாளங்களில் ஒன்று. இதை வீட்டார்தான் முதலில் காண்பார்கள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுகிறார், கையெழுத்து கோணுகிறது, சில்லறைக் கணக்கில் தடுமாறுகிறார். இரு கைகளையும் முன்னே நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கி, விரல்களை விரித்துவைக்கச் சொன்னால், கைகள் அவ்வப்போது சட்டென்று தொய்ந்து மீளும். இந்த நிலையில் உள்ளவருக்குத் தூக்க மாத்திரை கொடுத்தால் அவர் ஆழ்மயக்கத்தில் விழக்கூடும். அவருக்கு வேண்டியது நாளைக்கு இரண்டு மூன்று முறை இளகலாக மலம் போகும் அளவுக்கு லாக்டுலோஸ் சிரப், தேவைப்பட்டால் ரிஃபாக்சிமினும். அம்மோனியா குறைய, தூக்கமும் சீராவது உண்டு.

வேறு காரணங்களையும் தேட வேண்டும். நீர் பிரியும் மாத்திரையை மாலையில் போடுகிறவர் இரவில் பலமுறை எழுந்திருப்பார். காலைக்கு மாற்றினாலே போதும். பித்தநீர் தேங்குவதால் வரும் அரிப்பு, கெண்டைக்கால் பிடிப்பு, வயிற்று நீரால் படுக்கும்போது மூச்சு முட்டுவது ஆகியவற்றுக்கும் தனித்தனி மருத்துவம் இருக்கிறது. தூக்க நேரத்தை ஒழுங்குபடுத்தும் நடத்தைச் சிகிச்சையில் மருந்துக்கு வேலையே இல்லை என்பதால், கல்லீரல் நோயாளிக்கு அதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும்.

டயசெபாம், குளோர்டயசெபாக்சைடு, அல்பிரசோலம் போன்ற பென்சோடயசெபின்கள் சிரோசிஸில் நெடுநேரம் தங்குகின்றன. மதுவை நிறுத்தும்போது வரும் நடுக்கம், வலிப்பு போன்றவற்றுக்கு இவ்வகை மருந்து தவிர்க்க முடியாதபோது, குளுகுரோனிக் இணைப்பால் கழியும் லோரசெபாம் அல்லது ஆக்சசெபாமை மருத்துவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். மூளைப் பாதிப்பு உள்ளவருக்கு அவையும் ஆபத்தே. சோல்பிடெம் லேசான, நடுத்தரப் பாதிப்பில் 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கடுமையான பாதிப்பில் தவிர்க்கப்படுகிறது. இந்தியாவில் அல்பிரசோலமும் சோல்பிடெமும் 2014 முதல் நடைமுறையில் உள்ள எச்1 பட்டியலில் அடங்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஆனால் சட்டம் கடை வாசலோடு நின்றுவிடுகிறது. வீட்டில் ஒருவருக்கு எழுதிய அட்டையிலிருந்து இன்னொருவர் பாதி மாத்திரை கிள்ளிப் போடுவதை வீட்டார்தான் தடுக்க வேண்டும்.

மனச்சோர்வு

மனச்சோர்வு மருந்துகளுக்கும் கல்லீரலுக்குமான சிக்கல் தொடக்கத்திலிருந்தே உண்டு. காசநோய்க்காக உருவான இப்ரோனியசிட், நோயாளிகளை உற்சாகப்படுத்துவது தெரிந்து 1950களில் மனச்சோர்வுக்குப் பயன்பட்டது. கல்லீரல் அழற்சியை உண்டாக்கியதால் பின்னர் கைவிடப்பட்டது. நெஃபசோடோனும் அதே காரணத்தால் 2003இல் ஐரோப்பியச் சந்தையைவிட்டுப் போனது. இன்று புழக்கத்தில் உள்ளவற்றில் அகோமெலாட்டின் கல்லீரல் நோயாளிகளுக்கு அறவே கூடாது. மற்றவர்களுக்கும் தொடங்கும் முன்பும் பிறகு 3, 6, 12, 24ஆம் வாரங்களிலும் ரத்தப் பரிசோதனை வேண்டும். டுலோக்செட்டினை நாள்பட்ட கல்லீரல் நோயிலும் மிகுதியாகக் குடிப்பவர்களிடமும் தவிர்க்க வேண்டும்.

இந்தப் பெயர்களைக் கேட்டு அஞ்சி, மனச்சோர்வுக்கு மருத்துவமே செய்யாமல் விடுவது இன்னொரு பெருந்தவறு. சோர்ந்துபோனவர் சாப்பிட மாட்டார், லாக்டுலோஸை ஒதுக்குவார், குடிக்குத் திரும்பவும் கூடும். செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ மருந்துகளைப் பலருக்குக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல உயர்த்தலாம். எஸ்சிட்டலோப்ராமுக்கு 10 மில்லிகிராம், சிட்டலோப்ராமுக்கு இதயத் துடிப்புக் கோளாறை முன்னிட்டு 20 மில்லிகிராம் என உச்சவரம்பு உண்டு. செர்ட்ராலின் பித்தநீர் அரிப்பையும் தணிப்பதால் சிலருக்கு இரட்டைப் பயன் தரும். ஆனால் சிரோசிஸ் முற்றியவர்களுக்கு அதையும் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. ஃபுளூவாக்செட்டின் இயல்பாகவே நாள்கணக்கில் தங்கும். சிரோசிஸில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் பிடிக்கும். அளவை மாற்றினால் பலன் தெரிய நெடுநாள் ஆகும்.

எஸ்எஸ்ஆர்ஐ மருந்துகள் இரத்தத் தட்டணுக்களில் செரட்டோனினைக் குறைப்பதால் இரத்தக் கசிவுக்கு இடம் தருகின்றன. உணவுக்குழாயில் புடைத்த சிரைகள் உள்ளவருக்கு, தட்டணுவும் குறைந்திருந்தால், இது சிறிய விஷயமல்ல. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் சேர்ந்தால் அபாயம் கூடும். நீர் பிரியும் மாத்திரை எடுப்பவருக்கு இரத்தத்தில் சோடியமும் இறங்கலாம் என்பதால், தொடங்கிய முதல் வாரங்களிலேயே அதைச் சோதிப்பது நல்லது. அமிட்ரிப்டிலின் மயக்கத்தோடு மலச்சிக்கலையும் தருகிறது. மலம் தேங்கினால் அம்மோனியா ஏறும். குளோர்டயசெபாக்சைடும் அமிட்ரிப்டிலினும் சேர்ந்த ஒரே மாத்திரை இந்திய மருந்துக்கடைகளில் எளிதாகக் கிடைப்பது, இந்த நோயாளிகளைப் பொறுத்தவரை கவலைக்குரியது.

மூலிகைகளும் மாற்றுறுப்பும்

இயற்கையானது என்பதால் பாதுகாப்பானது என்று கொள்ள முடியாது. தூக்கத்துக்காகப் பலர் உட்கொள்ளும் அஸ்வகந்தாவால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. பதற்றத்துக்கான காவா வேரின் மருந்துகளை ஜெர்மனி 2002இல் தடை செய்தது. மனச்சோர்வுக்கு மேலை நாடுகளில் விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட், நொதிகளைத் தூண்டி, நிராகரிப்பைத் தடுக்கும் மருந்துகளான டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் அளவைத் தாழ்த்துவதால், மாற்றுக் கல்லீரலை உடல் நிராகரிக்க வழி செய்யும். ஹெபடைடிஸ் சி-க்கான சோஃபோஸ்புவிரின் பலனையும் கெடுக்கும். எஸ்எஸ்ஆர்ஐ வகையான ஃபுளூவாக்சமினோ, செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டுக்கு நேர்மாறாக, டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடலாம். ஏற்கெனவே மாதக்கணக்கில் தூக்க மாத்திரையோ மனச்சோர்வு மருந்தோ எடுப்பவர், கல்லீரல் நோய் தெரிந்த அன்றே அதைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. பென்சோடயசெபினைச் சட்டென்று விட்டால் வலிப்பு வரலாம். கல்லீரல் மருத்துவரும் மனநல மருத்துவரும் பேசி, வாரக்கணக்கில் அளவைக் குறைத்துக்கொண்டு வருவதே முறை.